முதலில் நம் பாதத்தைப் பார்ப்போம்

வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: 2 சாமுவேல் 12:1-14, மத்தேயு 7:1-5, கலாத்தியர் 6:1-5



இம்மருத்துவமனையின் ஊழியத்தை உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் தாங்கி வருகிற உங்களோடு இந்த இதழில் ஒரு வேதபாடத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பிறரைக் குற்றவாளியாகத் தீர்ப்பதைக் குறித்து மற்றவர்களுக்குப் போதிக்கவேண்டும் என்றுதான் இதை ஆயத்தம் செய்யத் தொடங்கினோம். ஆயத்தம் செய்கையில் இது எங்களுக்கே பாடமாயிற்று. அதை மறைக்காமல் எழுதுகிறோம். பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. தாவீதின் கோபம்

நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் வந்து ஒரு வழக்கைச் சொல்லுகிறார். ஒரே பட்டணத்தில் இரண்டு பேர். ஒருவன் ஐசுவரியவான், ஆடுமாடுகள் ஏராளம். மற்றவன் தரித்திரன், அவனிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு சிறிய பெண் ஆட்டுக்குட்டி. அது அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் தட்டில் தின்றது, அவன் மடியில் படுத்தது. ஐசுவரியவான் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது, தன் மந்தையில் கைவைக்க மனமில்லாமல், ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்தான்.

இதைக் கேட்ட தாவீது கோபத்தால் பற்றி எரிந்தான். அந்த மனிதன் சாகவேண்டும், ஆட்டுக்குட்டிக்காக நான்கு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான்.

இந்தத் தீர்ப்பைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். நான்கு மடங்கு என்பது நியாயப்பிரமாணத்தின்படி சரியானதே. யாத்திராகமம் 22:1-இல் ஆட்டைத் திருடியவனுக்கு விதித்திருப்பது அதுதான். ஆனால் ஆட்டுத் திருடனுக்கு மரணதண்டனை அங்கே இல்லை. அதைத் தாவீது தானாகவே சேர்த்தான். பிரமாணம் கேட்டதைவிட அதிகமாகவே அவன் கேட்டான். அதே வேளையில், பிரமாணம் மரணதண்டனை விதித்திருந்த குற்றங்கள் அவனுடைய அரண்மனைக்குள்ளேயே இருந்தன. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டதும், உரியாவைப் போர்முனையில் சாகும்படி நிறுத்தியதும் அவனே. நாத்தான் வந்தபோது அந்தக் குழந்தையும் பிறந்துவிட்டது. அப்படியானால் ஏறத்தாழ ஓர் ஆண்டு கடந்திருக்கிறது.

அந்த ஓராண்டில் தாவீது என்ன செய்தான்? ராஜாவாக இருந்தான், வழக்குகளைக் கேட்டான். உள்ளே தான் நலமாயில்லை, எலும்புகளும் உலர்ந்துபோயின என்று பின்னாளில் 32-ஆம் சங்கீதத்தில் ஒப்புக்கொள்கிறான். ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்கே சரியில்லை என்று அவன் தேடிப் பார்க்கவில்லை. அந்த மனிதன் நீர்தான் என்று நாத்தான் நேருக்கு நேராகச் சொல்லும்வரைக்கும், அவன் கோபம் முழுவதும் பெயர் தெரியாத ஓர் ஐசுவரியவான்மேல் பாய்ந்துகொண்டிருந்தது.

கர்த்தருடைய இருதயத்துக்கு ஏற்றவன் என்று பெயர்பெற்ற ஒருவன், ஓராண்டுக் காலம் தன் காயத்தை உணராமல் இருக்கக்கூடுமா? கூடும். அது எப்படி என்பதை எங்கள் மருத்துவமனையின் தொழுநோய்ப் பிரிவில் தினந்தோறும் பார்க்கிறோம்.

2. வலிக்காத புண்

தொழுநோய் சதையைத் தின்னும் நோய் என்று முன்னோர் நினைத்தார்கள். விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றும் நம்பினார்கள். உண்மை அதுவல்ல. அந்நோயின் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது, உணர்ச்சி போய்விடுகிறது. கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்தாலும் சுடுவது தெரியாது. முள் தைத்தாலும் தெரியாது. தெரியாததால் அந்த முள்ளின்மேலேயே மேலும் நடக்கிறார்கள். கைகால்களை அழிப்பது பெரும்பாலும் இந்தக் காயங்களும், அவற்றில் சேரும் சீழுமே.

இதைத் தெளிவாய் எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனெரி தம்பதியருக்கு 1914-இல் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, முடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, மறுபடியும் வேலை செய்யவைத்தார். சில நோயாளிகளுக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. காரணம் தெரியாமல் திகைத்து, இரவில் விழித்திருந்து பார்த்தார்கள். எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. நோயாளியோ அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். அதன்பின் வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையினால் இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகிறது. நோயின் வகைக்கு ஏற்ப 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் போதும். கிருமி ஒழிந்துவிடும். ஆனால் செத்துப்போன நரம்பு பெரும்பாலும் திரும்ப உயிர்பெறுவதில்லை. ஆகையால் குணமான பிறகும், உணர்ச்சியிழந்த பாதத்தை ஆயுள் முழுவதும் தினமும் சோதித்துப் பார்க்கவேண்டும். சர்க்கரை நோயினால் பாத உணர்ச்சி இழந்தவர்களுக்கும் இதே ஆலோசனைதான்.

சிலர் எங்களிடம் காய்ச்சல் என்று வருவார்கள். தொடையிடுக்கில் நெறிகட்டியிருக்கிறது என்பார்கள். "காலில் ஏதாவது காயம் உண்டா?" என்று கேட்டால், "இல்லவே இல்லைங்க" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் அறிந்தவரை இல்லைதான். காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் ஆழமான புண் இருக்கும்.

தேவ பிள்ளைகளே, ஆவிக்குரிய வாழ்க்கையில் நாம் செய்துகொள்ளுகிற சமரசங்களும் இப்படிப்பட்டவைதான். முதல்தடவை மனச்சாட்சி குத்துகிறது. இரண்டாம் தடவை சற்றே உறுத்துகிறது. பத்தாம் தடவை ஒன்றும் தெரிவதில்லை. வலி இல்லை என்பதற்காகப் புண் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். கிறிஸ்துவின் இரத்தத்தால் மன்னிப்புப் பெற்றது உண்மை, இரட்சிக்கப்பட்டதும் உண்மை. ஆயினும் பழைய பாவம் மரத்துப்போகச் செய்த இடங்கள் நம்மில் உண்டு. மன்னிக்கப்பட்டவனும் தன் பாதத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.

3. நாங்கள் எழுதிய ஒரு செய்தி

இவ்விடத்தில் எங்களைக் குறித்தே ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் இந்த இதழில் ஒரு முதியவரைப் பற்றி எழுதியிருந்தோம். உள்ளங்காலில் புண்ணோடு வந்து நான்கு மாதங்கள் ஆண்கள் வார்டில் இருந்தவர். துணைக்கு ஆள் இல்லை. கேட்டபோது, "எனக்கு யாரும் இல்லைங்க" என்றார். பெற்ற மகனே அவரைக் கைவிட்டுவிட்டான் என்று எழுதினோம். கல்நெஞ்சன் என்றும் எழுதினோம். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணவேண்டும் என்ற கற்பனையை எடுத்துக்காட்டி, இக்காலத்துப் பிள்ளைகளைக் கண்டித்தோம். கட்டுப்போட்ட காலோடு அவர் அமர்ந்திருக்கும் புகைப்படத்தையும் வெளியிட்டோம். அதற்காக அவரிடம் பெருவிரல் ரேகை வாங்கியிருந்தோம். எதற்கென்று சரியாக விளக்கிச் சொல்லவில்லை. அந்த இதழுக்கு வந்த காணிக்கை வழக்கத்தைவிட அதிகம். கண்ணீரோடு வாசித்தோம் என்று உங்களில் பலர் கடிதம் எழுதியிருந்தீர்கள்.

இரண்டு மாதங்கள் கழித்து ஒருநாள் நண்பகலில், எங்கள் சிற்றாலயத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றார். கையில் நான்காய் மடித்த எங்கள் இதழ் இருந்தது.

"ஐயா, நான் எங்கப்பாவக் கைவிட்டுட்டேன்னு புக்குல போட்டிருக்கீங்களாமே. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எங்க ஊரு உபதேசியாரு போட்டோவப் பாத்துட்டுப் படிச்சுக் காட்டினாரு."

அவர் செங்கல் சூளையில் குடும்பத்தோடு முன்பணம் வாங்கி வேலை செய்கிறவர். முன்பணம் கழியும்வரை சூளையைவிட்டு நினைத்த நேரத்தில் வெளியே வரமுடியாது. ஆயினும் மாதம் இரண்டு தடவை, இந்தப் பக்கம் செங்கல் ஏற்றிவரும் லாரி ஓட்டுநரிடம் தகப்பனுக்குப் பணம் கொடுத்தனுப்பினார். அவர் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாத்தாவுக்கு இந்த நோய் இருந்தது தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும். "நீ வரவேண்டாம். யாராவது கேட்டால் எனக்கு ஒருவருமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்" என்று தகப்பனே தடுத்திருந்தார். பேத்திக்காக அவர் தம்மையே அநாதையாக்கிக்கொண்டார். நாங்கள் அதை மகனுடைய பாவமாக எழுதினோம்.

எங்கள் படம் ஊரில் பரவியது. அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று.

இவையெல்லாம் எழுதும்போது எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. செய்தி அச்சுக்குப் போவதற்கு முந்தின வாரம் வார்டு சிஸ்டர் எங்களிடம், "ஐயா, யாரோ ஒரு லாரிக்காரர் மாசம் ரெண்டு தடவை தாத்தாவுக்குப் பணம் கொண்டுவந்து கொடுக்கிறார். யார் அனுப்புறாங்கன்னு கேட்டா தாத்தா சொல்ல மாட்டேங்கிறார்" என்று சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கொண்டோம். விசாரிக்கவில்லை. விசாரித்தால் செய்தி பலவீனமாகிவிடும் என்று எங்கள் உள்ளத்தில் ஒரு மூலையில் தெரிந்திருந்தது. ஊழியத்துக்குப் பணம் தேவை, நோக்கம் நல்லது, ஒரு வரி கூடினால் என்ன என்று எங்களையே சமாதானப்படுத்திக்கொண்டோம். அதுதான் எங்கள் சமரசம். அப்போது அது வலிக்கவே இல்லை. அந்தக் கையோடேதான் ஒரு ஏழை மகனைக் கல்நெஞ்சன் என்று எழுதினோம்.

அவர் கோபப்படவில்லை. "அத மாத்திப் போட முடியுமாங்க?" என்று மட்டும் கேட்டார். போடுகிறோம் என்றோம். அடுத்த இதழ் கட்டிட நிதிக்கான சிறப்பிதழ், அதில் இடமில்லை. அதற்கடுத்தது கிறிஸ்துமஸ் இதழ். அதில் பொருந்தாது என்று நினைத்தோம். பிறகு மறந்தோம் என்பதைவிட, மறக்க இடங்கொடுத்தோம் என்பதே சரி. அந்த முதியவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்.

மத்தேயு 7-ஆம் அதிகாரத்தைக் குறித்து எழுத இந்த ஆண்டு உட்கார்ந்தபோது, மேற்கொண்டு எழுத முடியவில்லை. அந்த மகனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். மேலே உள்ள பகுதியை அச்சுக்கு அனுப்புமுன் அவருக்கு வாசித்துக் காட்டினோம். ஒவ்வொரு தடவையும் அவர் 500 ரூபாய் அனுப்பினார் என்று முதலில் எழுதியிருந்தோம். அவர் குறுக்கிட்டு, "எல்லாத் தடவையும் ஐந்நூறு இல்லீங்க ஐயா. சில தடவை முந்நூறுதான் அனுப்பினேன். உள்ளபடியே போடுங்க" என்றார். தொகையை எடுத்துவிட்டோம்; அவர் சொன்னதை இங்கே எழுதியிருக்கிறோம். தனக்குப் பெருமை சேர்க்கும் 200 ரூபாயைக்கூட அவர் ஏற்கவில்லை. அவரைத்தான் நாங்கள் நியாயந்தீர்த்தோம். அவருடைய மகளுக்குப் பின்னர் வேறிடத்தில் திருமணமாகி நலமாயிருக்கிறாள் என்று அறிந்து கர்த்தரை ஸ்தோத்திரித்தோம்.

அந்தச் செய்தியை நம்பிக் காணிக்கை அனுப்பிய உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். வாசகர்கள் உருக்கமான செய்திகளைத்தானே எதிர்பார்க்கிறார்கள் என்று உங்கள்மேல் பழிபோட எங்களுக்கு மனமில்லை. அது ஆதாம் ஏதேனில் சொன்ன பதில்.

4. சபையாக நாம் உணராமற்போனவை

தனிமனிதருக்கு நேருகிற இந்த மரத்துப்போதல் சபைக்கும் நேருகிறது. தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்கும் சமுதாயத்தைக் குறித்து நாம் எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். ஆனால் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்திலேயே, குணப்படுத்த முடியாத தொழுநோய் என்பது மணவாழ்வை முறித்துக்கொள்ள ஒரு காரணமாக இடம்பெற்றிருந்தது. மற்றச் சமயத்தாருக்குரிய சட்டங்களிலும் இது இருந்தது. 2019-இல்தான் நாடாளுமன்றம் அதை இச்சட்டங்களிலிருந்து நீக்கிற்று. மருந்தினால் மக்கள் குணமாகத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்பு! நோயுற்ற துணையைக் கைவிடுகிற மற்றவர்களைக் கண்டித்துவந்த நாங்கள், நமக்குரிய சட்டத்தில் அப்படி ஒரு வரி இருப்பதையே கவனித்ததில்லை.

சாதியை எடுத்துக்கொள்வோம். கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833-இல், தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டும் என்று கடிதம் எழுதினார். அதை ஏற்க மனமில்லாமல் சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டுப் பிரிந்துபோனார்கள். அந்தக் கடிதத்துக்கு ஏறக்குறைய 200 வயதாகிறது. இன்றைக்கும் பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது நாம் முதலில் விசாரிப்பது எதை? சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை உண்டு. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையோடு அடக்கம்பண்ணப்பட்டவர்களுக்கு நடுவே அந்தப் பிரிவினை எதற்கு?

வரதட்சணை வாங்காத வீடு என்று சொல்லிக்கொண்டே, "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் விரும்பிப் போடுவதைப் போடுங்கள்" என்கிறோம். சபைத் தேர்தலில் எதிரணி பணம் கொடுத்தது என்று குமுறுகிறோம். நம் அணி கொடுத்த விருந்தை ஐக்கிய விருந்து என்கிறோம். பத்திரப் பதிவில் விலையைக் குறைத்துக் காட்டியபின், அந்த வீட்டுக்கே பிரதிஷ்டை ஜெபம் வைக்கிறோம். இவற்றில் எதுவும் வலிக்கவில்லையே!

5. எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

எங்கள் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பாதச் சோதனை மிகவும் எளியது. அதிலிருந்து மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மாலையில் காலைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்குகள் உட்பட பார்க்கச் சொல்வோம். "எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை" என்ற பதிலை ஏற்பதில்லை. நம்முடைய சோதனையும் நம் உணர்ச்சியைச் சார்ந்திருக்கக்கூடாது. 139-ஆம் சங்கீதத்தின் முடிவில் சங்கீதக்காரன், தேவனே தன் உள்ளத்தை ஆராய்ந்து, தன்னிடத்தில் வேதனையான வழி உண்டோ என்று பார்க்கும்படி கெஞ்சுகிறான். தான் பார்த்தது போதும் என்று அவன் எண்ணவில்லை. பவுல் அப்போஸ்தலனும் கர்த்தருடைய பந்திக்கு வருமுன் ஒவ்வொருவனும் தன்னைச் சோதித்தறியவேண்டும் என்கிறார் (1 கொரிந்தியர் 11:28). அயலானைச் சோதிக்கும்படி அங்கே சொல்லப்படவில்லை.

இரண்டாவது, மற்றொருவர் கண்ணால் பார்க்கவேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். உள்ளங்காலும் அப்படித்தான். கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கவேண்டும். இல்லையேல் வீட்டாரைப் பார்க்கச் சொல்லவேண்டும். தாவீதுக்கு ஒரு நாத்தான் இருந்தார். நமக்கு இருக்கிறாரா? மனைவி ஒரு குறையைச் சொன்னால், பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், ஒரு வார்டு சிஸ்டர் தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னால், காது கொடுக்கிறோமா?

மூன்றாவது, சூட்டைத் தொட்டுப் பார்க்கவேண்டும். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வெளியே தெரிவதற்கு முன்னரே, உள்ளே நசுங்கிய இடம் சூடாக இருக்கும். புறங்கையால் தொட்டுப் பார்த்தால் தெரியும். தாவீது எங்கே கொதித்தான்? பிறன் பொருளை எடுத்தவனைக் குறித்துக் கேட்டபோது கொதித்தான். அவன் காயம் அங்கேதான் இருந்தது. எல்லாக் கோபமும் இப்படிப்பட்டதல்ல. நம் ஆண்டவர் பாவமில்லாமல் கோபங்கொண்டார். அநியாயத்தைக் கண்டு கோபமே வராதவன் நீதிமான் ஆகிவிடுவதுமில்லை. ஆனாலும் ஒருவருடைய குறிப்பிட்ட ஒரு குற்றத்தைக் குறித்து, பிரமாணம் கேட்பதைவிட அதிகமாய் நாம் கேட்கும்போது, அந்த இடத்தில் கைவைத்துப் பார்ப்பது நல்லது.

இப்படிப் பார்க்கும்போது காண்பது நம்மை நொறுக்கிவிடக்கூடும். யூதாசும் தன் குற்றத்தைக் கண்டான், பேதுருவும் கண்டான். இருவரும் கலங்கினார்கள். யூதாஸ் தன் குற்றத்தோடு பிரதான ஆசாரியரிடத்தில் போனான். அங்கே அவனுக்கு இரக்கம் கிடைக்கவில்லை. பேதுருவோ உயிர்த்தெழுந்த ஆண்டவர் தன்னை மறுபடியும் அழைக்கும் இடத்தில் இருந்தான். சிலுவையின் அடியில் நின்று பார்க்கிறவன் தன் புண்ணைத் தைரியமாய்ப் பார்க்கலாம். வைத்தியர் அருகே இருக்கிறார்.

ஒருமுறை டாக்டர் பிராண்ட் இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணத்துக்குப்பின் இரவில் காலுறையைக் கழற்றும்போது, குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டது என்று எண்ணி அந்த இரவைக் கலக்கத்தோடு கழித்தார். விடிந்ததும் மறுபடியும் குத்தினார். சுரீரென்று வலித்தது! பயணத்தில் நரம்பு அழுந்தியிருந்ததே காரணம். அந்த வலிக்காக அவர் தேவனை ஸ்தோத்திரித்தார். வேதவசனம் நம்மைக் குத்தும்போது நாமும் ஸ்தோத்திரிக்கலாம். வலிக்கிற இடத்தில் இன்னும் ஜீவன் இருக்கிறது.

6. பிறகு சகோதரனுடைய கண்

சிலர் மத்தேயு 7-ஆம் அதிகாரத்தை வாசித்து, ஒருவரையும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று முடித்துவிடுகிறார்கள். ஆண்டவர் அங்கே நிறுத்தவில்லை. நம் கண்ணிலிருக்கும் உத்திரத்தை எடுத்துப்போட்டபின், சகோதரன் கண்ணிலிருக்கும் துரும்பை எடுக்கும்படி நமக்குத் தெளிவான பார்வை கிடைக்கும் என்கிறார் (மத்தேயு 7:5). துரும்பும் கண்ணுக்குத் துன்பமே. யாராவது எடுக்கத்தான் வேண்டும். ஆனால் சரீரத்தில் கண்ணைப்போல் மென்மையான உறுப்பு வேறில்லை. பார்வை மங்கிய மருத்துவர் கையில் கருவியோடு வந்தால் நாம் கண்ணைக் காட்டுவோமா?

கலாத்தியர் 6:1-இல் பவுல், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணவேண்டும் என்று கற்பிக்கிறார். கிரேக்க மூலத்தில் இங்கே வரும் சொல், யாக்கோபும் யோவானும் தங்கள் வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் (மத்தேயு 4:21) வருகிறது. பழைய கிரேக்க மருத்துவர்கள் விலகிய மூட்டைப் பொருத்துவதற்கும் இச்சொல்லின் வழிவந்த சொல்லைப் பயன்படுத்தினார்கள். மூட்டைப் பொருத்துகிறவர் அதை ஓங்கி அடிப்பதில்லை. அதே வசனத்தில் பவுல், உனக்கும் சோதனை வராதபடி உன்னையே பார்த்துக்கொள் என்றும் எச்சரிக்கிறார். தன்னைப் பார்த்துக்கொள்ளுகிறவனுடைய கையில்தான் அந்தச் சாந்தம் இருக்கும்.

குணமடைந்த எங்கள் நோயாளிகள் சிலர் குழுவாகக் கூடி உட்காருவதுண்டு. ஒருவர் பாதத்தை மற்றவர் மடியில் வைத்துப் பார்ப்பார்கள். "அண்ணே, இங்க தோல் தடிச்சிருக்குது, இன்னைக்கே தேய்ச்சு எண்ணெய் போடுங்க" என்பார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை. ஒருவரும் வெட்கப்படுவதுமில்லை. எல்லாருக்கும் அதே பாதம்தான் என்று எல்லாரும் அறிவார்கள். நம் சபைகளும் இப்படிக் கூடிவர கர்த்தர் உதவி செய்வாராக.

சிந்திக்க சில கேள்விகள்

1. கடந்த வாரத்தில் யாருடைய குற்றத்தைக் குறித்து அதிகமாகப் பேசினோம்? அவரிடத்தில் நேரில் விசாரித்தோமா?

2. "ஊழியத்துக்காகத்தானே", "குடும்பத்துக்காகத்தானே" என்று சொல்லி நாம் செய்துகொண்ட சமரசம் எது?

3. முன்பு நம்மைக் குத்திய எந்தக் காரியம் இப்போது குத்துவதில்லை?

4. நம் குறையை நம் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் யார்? அப்படி ஒருவரும் இல்லையானால், ஏன் இல்லை?

5. திருத்துகிறேன் என்று வாக்குக்கொடுத்துத் திருத்தாமல் விட்டது ஏதேனும் உண்டா? யாரிடம் போகவேண்டும்?

ஜெபம்

எங்களை ஆராய்ந்து அறிகிற தேவனே, பிறர் குற்றத்தைக் காண எங்களுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. எங்கள் குற்றத்தைக் காண உமது வெளிச்சம் வேண்டும். மரத்துப்போன எங்கள் மனச்சாட்சியைத் தொட்டருளும். எங்கள் வார்த்தையினால் காயப்பட்டவர்களைக் குணமாக்கும். அவர்களிடத்தில் போய் மன்னிப்புக் கேட்க எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். எங்கள் கைகளைச் சுத்திகரித்து, எங்கள் சகோதரருடைய காயத்தை மெதுவாய்த் தொடக் கற்றுத்தாரும். எங்கள் பரிகாரியாகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில் உங்கள்,
மருத்துவமனைப் போதகர்